இருபது வருடம் ஓட்டியவர் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 45. இருபது வருடத்துக்கு மேலாக பைக் ஓட்டுகிறேன். முறையாக யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. பெரியப்பா மகன் பின்னால் உட்கார்ந்து "கிளட்ச்சை மெதுவா விடுடா" என்று கத்தியதுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. பெரிய விபத்து எதுவும் இதுவரை இல்லை. போன மாதம் பக்கச் சாலையிலிருந்து ஒரு கார் திடீரென்று எனக்குக் குறுக்கே வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தேன். பின் சக்கரம் இழுத்துக்கொண்டு போய், வண்டி கோணலாகத் திரும்பி, கார் கதவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. விழவில்லை. அனுபவம்தான் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். இப்போது 19 வயது மகள் பைக் ஓட்டப் பழக வேண்டும் என்கிறாள். அதற்காகப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் சேரப் போகிறாளாம். நானே சொல்லிக்கொடுத்தால் போதாதா? அவளோ, "நீங்களும் வாங்கப்பா, ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கும் தனி வகுப்பு இருக்கு" என்கிறாள். அதில் எனக்குப் புதிதாக என்ன இருக்கப் போகிறது? நல்ல வகுப்பு என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? அடுத்த மாதம் நான் கொஞ்சம் பெரிய வண்டிக்கு மாறப் போகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அந்தக் காரைப் பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் கேட்டிருக்கும் மற்றவற்றில் பாதிக்கு மேல் அதற்குள்ளேயே இருக்கிறது.

"பிரேக்கை மிதித்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். மிதிப்பது பின் பிரேக். கையால் பிடிக்கும் முன் பிரேக்கைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. பிடித்திருக்கலாம், எழுத விட்டுப்போயிருக்கலாம். ஆனால் பின் சக்கரம் இழுத்துக்கொண்டு போனது, வண்டி கோணலாகத் திரும்பியது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பதற்றத்தில் கால் முழு பலத்தோடு இறங்கியிருக்கிறது, கை பெயருக்குத் தொட்டிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. பல வருடம் ஓட்டிவிட்டு என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களில் பலர் முதல் நாள் இதைத்தான் செய்கிறார்கள். முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்ற பயம் சைக்கிள் காலத்திலேயே நமக்குள் ஏறிவிடுகிறது. பிறகு அதை யாரும் இறக்கிவிடுவதில்லை.

பிரேக் பிடித்த உடனே வண்டியின் எடையும் உங்கள் எடையும் முன்பக்கம் சாய்கின்றன. முன் டயர் தரையில் அழுந்தி, அதன் பிடி கூடுகிறது. பின் டயர் லேசாகிறது. லேசாகிவிட்ட சக்கரத்தின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் அது சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சறுக்கத்தான் செய்யும். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். காய்ந்த, நல்ல தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, மூளைக்கு உறைத்து, கை பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு நொடி ஆகிவிடும். அந்த 14 மீட்டர் போனது போனதுதான். அதற்கப்புறம் இரண்டு பிரேக்கையும் ஒழுங்காகப் பிடித்தால் இன்னொரு 14 மீட்டரில் நின்றுவிடலாம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் அதுவே ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும்.

அதனால் அன்றைக்கு உங்களைக் காப்பாற்றியது அனுபவம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. முன்னால் இடம் இருந்தது, நின்றது. இதை உங்களைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. உங்களைப் போன்றவர்களுக்கு நடப்பதை 1981-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஹாரி ஹர்ட் தலைமையில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, விபத்து நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை அது. இன்னொரு வண்டியோடு மோதிய விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, எதிராளி வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. தப்பிப்பதற்கு ஓட்டுபவருக்குக் கிடைத்த நேரம் பொதுவாக இரண்டு நொடிகூட இல்லை. அந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்தது என்ன தெரியுமா? பின் பிரேக்கை அதிகமாக மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. விலகித் தப்பிக்கும் திறமை ஏறக்குறைய யாரிடமும் இல்லை. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள். பழைய ஆய்வுதான், ஊரும் காலமும் வேறுதான். ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த அறிக்கையின் ஒரு பக்கத்தைப் படிப்பது போலத்தான் இருந்தது.

அதே அறிக்கையில் இன்னொரு விஷயம் உண்டு, அதைப் பெரிய வண்டி பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

சரி, மகளுக்கு நீங்களே சொல்லிக்கொடுத்தால் போதாதா? போதாது. உங்களுக்கு ஓட்டத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் பழகிய ஒரு வேலையில் கை என்ன செய்கிறது என்பது அந்தக் கைக்காரருக்கே தெரியாமல் போய்விடும், அதுதான் சிக்கல். வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வண்டியை வலப்பக்கம் வளைக்க என்ன செய்கிறீர்கள்? ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்புகிறேன் என்பீர்கள், இல்லையென்றால் உடம்பைச் சாய்க்கிறேன் என்பீர்கள். உண்மையில் உங்கள் வலது கை, வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுகிறது. முன் சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்புகிறது. அதனால் வண்டி வலப்பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் வளைகிறது. கவுண்டர் ஸ்டீயரிங் என்பார்கள். இருபது வருடமாக உங்கள் கை இதைச் செய்துகொண்டிருக்கிறது, உங்களிடம் சொல்லாமலே.

நம்ப முடியவில்லையா? நீங்கள் மட்டுமல்ல. விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் தொழில் செய்தவர்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் திரும்புவதற்கு முன்னால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்புகிறார்கள், ஆனால் அது அவர்களுக்கே தெரிவதில்லை என்று வில்பர் ரைட் கவனித்திருக்கிறார். 1980-இல் கலிஃபோர்னியா சூப்பர்பைக் பள்ளியைத் தொடங்கிய கீத் கோட், நம்பாதவர்களுக்காகவே ஒரு வண்டி செய்தார். அதில் இரண்டு ஹேண்டில்பார். ஒன்று வழக்கமானது. இன்னொன்று வண்டியின் சட்டத்தோடு அசையாமல் பொருத்தப்பட்டது, ஆக்சிலரேட்டர் அதிலும் உண்டு. அசையாத ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு உடம்பை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்த்தாலும் வண்டி சோம்பலாக ஒதுங்குமே ஒழிய, வளைந்து போகாது.

இது வெறும் சுவாரசியத் தகவல் இல்லை. வலப்பக்கத்திலிருந்து ஒரு கார் குறுக்கே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயத்தில் கை, ஹேண்டில்பாரைக் காருக்கு எதிர்ப்பக்கம், அதாவது இடப்பக்கம் வெடுக்கென்று திருப்பும். திருப்பினால் வண்டி எந்தப் பக்கம் சாயும்? காரை நோக்கி. இடப்பக்கம் விலக வேண்டுமென்றால் இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். பதற்றத்தில் இது தானாக வராது. மைதானத்தில் கோன்களுக்கு நடுவே திரும்பத் திரும்பச் செய்து கைக்குப் பழக்கியிருந்தால்தான் வரும். தனக்கே தெரியாமல் செய்துகொண்டிருக்கும் ஒன்றை அப்பா எப்படி மகளுக்குச் சொல்லித்தர முடியும்?

இன்னொன்றும் இருக்கிறது. அப்பா மைதானத்தின் ஓரத்தில் நின்றால் மகளின் கண் போகும் வழியில் இருக்காது, அப்பாவின் முகத்தில்தான் இருக்கும். பைக்கில் கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும். குழியை முறைத்துப் பார்த்துக்கொண்டே அதற்குள் இறங்குவது ஏன் என்று எப்போதாவது யோசித்திருந்தால், காரணம் இதுதான்.

அடிப்படை வகுப்பின் முதல் ஒரு மணி நேரம் உங்கள் மகளுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். அதற்கு அவளைத் தயார்படுத்தி அனுப்புங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளச் சொல்வார்கள், நிறுத்தச் சொல்வார்கள். அப்புறம் அரை கிளட்ச். இரண்டு கால்களும் தரையில், வண்டி முதல் கியரில். கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் சற்றே தணியும், வண்டி முன்னால் நகரப் பார்க்கும். அந்த இடத்திலேயே நிறுத்தி, மறுபடி கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும். வண்டி ஒரு அடிகூடப் போகக் கூடாது. முன்னால் ஒரு அசைவு, பின்னால் ஒரு அசைவு. இதையே கை மரத்துப்போகும் வரை செய்ய வைப்பார்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் "சரி, ஒரு ரவுண்டு போய் வா" என்றிருப்பீர்கள். அந்தப் பத்து நிமிடக்காரர்களைத்தான் சிக்னலில் பார்க்கிறோம். பச்சை விழுந்ததும் வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்துபோகும். அப்படியில்லை என்றால் கிளட்ச்சை முழுசாக விட்டு, இரண்டு காலையும் தரையில் இழுத்துக்கொண்டே போவார்கள்.

அரை கிளட்ச் கைக்கு வந்துவிட்டால் நடை வேகத்தில் ஓட்டுவது, எட்டுப் போடுவது, கோன்களுக்கு நடுவே வளைந்து போவது எல்லாம் தொடரும். இதிலெல்லாம் ரகசியம் ஒன்றுதான். அரை கிளட்ச்சில் இன்ஜின் இழுக்க, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, தலையை முழுசாகத் திருப்பிப் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் கால் ஊன்ற வேண்டியதுதான்.

அதன் பிறகு வருவதுதான் நான் முக்கியம் என்று நினைக்கும் பாடம், சடன் பிரேக். சடன் என்று பெயரே தவிர, நல்ல பயிற்சியாளர் கைப்பிடியை வெடுக்கென்று பிடிக்க விடமாட்டார். ஈரத்துணியைப் பிழிவது போலப் பிடிக்க வேண்டும். முதலில் மென்மையாகத் தொடக்கம், முன்பக்க ஷாக் அமுங்கி டயர் தரையில் அழுந்தியதும் இறுக்கம். இந்த இரண்டுக்கும் இடையே கால் நொடிதான், ஆனால் அந்தக் கால் நொடி இல்லாமல் பிடித்தால் டயர் அழுந்துவதற்கு முன்பே சக்கரம் நின்றுவிடும். முதலில் 20 கிலோமீட்டர் வேகத்தில், அப்புறம் 30, அப்புறம் 40. முன் சக்கரம் சறுக்கினால் உடனே விட்டு மறுபடி பிடிப்பது, நேராகப் போகும்போது பின் சக்கரம் சறுக்கினால் அவசரப்பட்டு விட்டுவிடாமல் நிற்கும்வரை அப்படியே வைத்திருப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லித் தருவார்கள். சறுக்கிக்கொண்டிருக்கும் பின் சக்கரத்தை வண்டி கோணலாக இருக்கும்போது சட்டென்று விட்டால், டயருக்குப் பிடி திரும்பிய வேகத்தில் வண்டி நிமிர்ந்து ஓட்டுபவரைத் தூக்கி எறிந்துவிடும். அன்றைக்கு நீங்கள் காலை எடுக்காமல் இருந்தீர்களே, அது மட்டும் சரியாக நடந்தது.

இனி, வகுப்பை விற்பவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பயிற்சி எடுத்தால் விபத்து குறையும் என்பதற்கு ஆய்வுச் சான்று நாம் நினைக்கும் அளவுக்கு உறுதியாக இல்லை. அதுவரை வந்த 23 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2010-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. அவற்றின் தரம் போதவில்லை, அதனால் பயன் உண்டு என்றோ இல்லை என்றோ முடிவு சொல்ல முடியாது என்று எழுதியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் புதிதாக உரிமம் பெற்றவர்களுக்குச் சாலையிலேயே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் முடிவு வெளிவந்தது. விபத்து குறைந்ததற்கான அடையாளம் இல்லை. பயிற்சி பெற்றவர்களுக்குத் தன்னம்பிக்கை கூடியது, வேகமும் கூடியது.

பயிற்சி கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நான் ஏன் இதைச் சொல்ல வேண்டும்? வகுப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை, அதனால்தான். ஒரு வகுப்பு முடிந்து வெளியே வரும்போது "நான் இப்போது எதையும் சமாளிப்பேன்" என்ற நினைப்போடு வந்தால் அது மோசமான வகுப்பு. "50-இல் போனால் நிற்க எனக்கு இவ்வளவு தூரம் வேண்டியிருக்கிறதே" என்று தரையில் கிடந்த கோனைப் பார்த்துத் திகைத்துப்போய் வந்தால் நல்ல வகுப்பு. சறுக்கிக் காட்டுவது, ஒற்றைச் சக்கரத்தில் தூக்குவது, மணலில் வழுக்கி விளையாடுவது இதையெல்லாம் விளம்பரத்தில் முன்னால் வைக்கும் இடங்களுக்கு மகளை அனுப்பாதீர்கள். ரேஸ் டிராக்கில் நடக்கும் பள்ளிகளைக் கேவலமாகப் பேச மாட்டேன். பிரேக் பிடிப்பதையும் வளைவையும் அங்கே கற்பது போல வேறெங்கும் கற்க முடியாது. ஆனால் டிராக்கில் குறுக்கே கார் வராது, நாய் வராது, போனைப் பார்த்துக்கொண்டே சாலையைக் கடப்பவர் வரமாட்டார். சாலையில் ஒழுங்காக ஓட்டத் தெரிந்த பிறகு போகலாம்.

சேர்வதற்கு முன்னால் கேட்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? பிரிட்டனில் 1990 முதல் புதியவர்களுக்குக் கட்டாய அடிப்படைப் பயிற்சி உண்டு. அங்கே சாலையில் இறங்கும்போது ஒரு பயிற்சியாளருக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது. சாலையில் குறைந்தது இரண்டு மணி நேரம் ஓட்டியாக வேண்டும். அந்தச் சான்றிதழும் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். எல்லா இடத்திலும் இந்த அளவு கிடைக்காது, ஆனால் மைதானத்தில் ஒருவர் இருபது பேரை மேய்த்துக்கொண்டிருந்தால் உங்கள் மகள் பெரும்பாலான நேரம் வரிசையில்தான் நிற்பாள். அடுத்து, எத்தனை மணி நேரம் வண்டிமேல், எத்தனை மணி நேரம் நாற்காலியில்? 1973-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு அறக்கட்டளையின் அடிப்படை வகுப்பில் வண்டிமேல் இருக்கும் நேரம் பாட நேரத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வண்டி யாருடையது? புதியவருக்கு அவர்களே சிறிய, எடை குறைந்த வண்டி கொடுத்தால் நல்லது. உங்கள் வண்டியைக் கொடுத்து அனுப்பாதீர்கள். அப்பாவின் வண்டியில் கீறல் விழுமோ என்ற பயம் ஒன்றே அவள் கையைக் கட்டிப்போட்டுவிடும். கடைசியாக ஒரு கேள்வி கேளுங்கள்: வகுப்புக்கு வந்து தேறாமல் போனவர்கள் உண்டா? "எங்களிடம் எல்லோரும் பாஸ்தான்" என்று பெருமையாகச் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

இப்போது உங்களுக்கு. அனுபவசாலிகள் வகுப்பில் சொந்த வண்டியைத்தான் கொண்டுபோக வேண்டும். அதுதான் அதன் பயனே. பெரிய வண்டி வந்து சேர்ந்த பிறகு, அதை எடுத்துக்கொண்டு போங்கள். ஹர்ட் அறிக்கையில் மீதி வைத்த விஷயம் இதுதான்: விபத்தில் சிக்கியவர்களுக்குச் சாலை அனுபவம் ஏறத்தாழ மூன்று வருடம் இருந்தது, ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விபத்தான அந்த வண்டியோடு ஐந்து மாதப் பழக்கம்கூட இல்லை. வண்டி மாறினால் கிளட்ச் பிடிக்கும் இடம் மாறும், பிரேக்கின் கடி மாறும், எடை மாறும். உங்கள் கைக்கு மட்டும் பழைய வண்டிதான் ஞாபகம் இருக்கும். ஆக, இருபது வருட அனுபவத்தில் ஒரு பகுதியைப் பழைய வண்டியோடு விற்றுவிட்டீர்கள் என்றுதான் அர்த்தம்.

புதிய வண்டியில் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் நின்று சறுக்குவதைத் தடுக்கும் ஏற்பாடு, இருந்தால் அதை வேண்டுமென்றே வேலை செய்ய வைத்துப் பார்ப்பதற்கு மைதானத்தைவிட நல்ல இடம் கிடையாது. முன் பிரேக்கை முழுசாகப் பிடித்ததும் கைப்பிடி விரல்களுக்குள் தடதடவென்று அதிரும், சில வண்டிகளில் கடகட சத்தமும் கேட்கும். முதல் தடவை எல்லோரும் திடுக்கிட்டுக் கையை விட்டுவிடுகிறார்கள். ஏதோ உடைந்துபோனது என்று நினைக்கிறார்கள். நடுச்சாலையில் அந்தத் திடுக்கிடல் வந்து கையை விட்டால் ஏபிஎஸ் இருந்தும் இல்லாத கதைதான். அதிர்ந்தாலும் விடாமல் பிடித்திருக்க மைதானத்தில் பழகிக்கொள்ளுங்கள். இன்னொன்று, வாங்கும்போதே கேளுங்கள்: இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ்ஸா, முன் சக்கரத்துக்கு மட்டுமா? முன்பக்கம் மட்டும் என்றால் பின் சக்கரம் போன மாதம் செய்ததை மறுபடியும் செய்யும்.

அந்த வகுப்பில் புதிதாக என்ன இருக்கும் என்று கேட்டீர்கள். உள்ளபடி சொன்னால், பாடப் பட்டியலில் பெரிதாக எதுவும் இருக்காது. பிரேக், விலகல், வளைவு, மெதுவான திருப்பம், பின்னால் ஆள் வைத்து ஓட்டுவது, அவ்வளவுதான். புதிது என்னவென்றால், ஒருவர் பக்கத்தில் நின்று உங்களைப் பார்ப்பார். நீங்கள் நின்ற இடத்தில் கோன் வைப்பார், நிற்க வேண்டிய இடத்தில் இன்னொரு கோன் வைப்பார். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை இருபது வருடத்தில் யாரும் உங்களுக்குக் காட்டியிருக்கமாட்டார்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் தொடுகிறீர்களா, வளைவின் முடிவைப் பார்க்காமல் முன் சக்கரத்துக்கு முன்னால் பத்தடியைப் பார்க்கிறீர்களா என்பதெல்லாம் வெளியிலிருந்து பார்த்தால்தான் தெரியும். ஓட்டத் தெரிந்தவருக்கு இது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பக்கத்து வரிசையில் நேற்று கற்றுக்கொண்ட பிள்ளை உங்களைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கும். அதற்குக் கழற்ற வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

சாலையில் பின்தொடர்ந்து வந்து பார்க்கும் வகுப்பு கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். மைதானம் கையைத் திருத்தும், கண்ணைத் திருத்துவது சாலைதான். நல்ல பயிற்சியாளர் உங்கள் பின்னால் வந்துகொண்டே, "அந்தப் பக்கச் சாலையில் நிற்கிற காரில் எதைப் பார்த்தீர்கள்?" என்று கேட்பார். டிரைவரின் முகத்தை என்பீர்கள். ஆனால் அந்த டிரைவர் உங்களை நேருக்கு நேர் பார்த்துவிட்டே வண்டியை எடுப்பார். நேராக வந்துகொண்டிருக்கும் பைக், காரிலிருந்து பார்ப்பவருக்குச் சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், நகர்வதாகவே தெரியாது. அது சட்டென்று பெரிதாகும்போது நேரம் கடந்திருக்கும். முகத்தைவிட காரின் முன் சக்கரத்தைப் பாருங்கள். சக்கரம் உருள ஆரம்பிப்பது, கார் நகர்வதைவிட முன்னதாகக் கண்ணுக்குத் தெரியும். சந்திப்பு வருவதற்கு முன்பே ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டு, இரண்டு விரலை முன் பிரேக்கின் மேல் வைத்துவிடுங்கள். ஒரு நொடிக் கணக்கு போட்டோமே, அதில் பாதியை இங்கேயே சம்பாதித்துவிடலாம். போன மாதம் அந்தப் பக்கச் சாலை உங்கள் கண்ணில் எப்போது பட்டது என்று யோசித்துப் பாருங்கள். கார் வந்த பிறகா, அதற்கு முன்பா?

பிரிட்டனில் விபத்துத் தடுப்புக்காக இயங்கும் ரோஸ்பா அமைப்பு நடத்தும் உயர்நிலைத் தேர்வில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் உண்டு. தங்கம் வாங்கியவரும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஒரு தடவை படித்ததை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க ஓட்டும் தொழில் பைக் இல்லை. வகுப்பு முடிந்ததும் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதைவிட, மாதம் ஒருமுறை ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, பத்துப் பதினைந்து முறை சடன் பிரேக் போட்டுப் பழகுவது உபயோகமானது. மழைக்காலம் தொடங்கும்போது ஈரத்தரையிலும் ஒருமுறை, வேகத்தைக் குறைத்து.

மகள் வகுப்பை முடித்து வந்ததும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய விடாதீர்கள். முதலில் கூட்டமில்லாத சாலை, பகல், தனியாக. அது பழகிய பிறகு கூட்டம். அப்புறம் இரவு. அப்புறம் மழை. பின்னால் ஆளை ஏற்றுவது கடைசியில்தான், அந்த ஆள் நீங்களாகவே இருந்தாலும். பின்னால் ஒருவர் உட்கார்ந்ததும் வண்டி நிற்கும் விதமும் மெதுவாகத் திரும்பும் விதமும் அடியோடு மாறிவிடும். தோழிகள்தான் முதலில் ஏறப் பார்ப்பார்கள், அதையும் வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஹெல்மெட்டுக்குத் தனியாகப் பாடம் எடுக்க மாட்டேன். காக்ரேன் அமைப்பு 2008-இல் தொகுத்த ஆய்வுகளின்படி, விபத்தில் சாவு 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறைகிறது. வார் மாட்டினால்தான் அந்தக் கணக்கு. வகுப்புக்குக் கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, முழுக்கைச் சட்டை, தடித்த பேன்ட் போட்டு அனுப்புங்கள். இல்லாமல் வருபவர்களை மைதானத்துக்குள் விடாத இடம் என்றால், அதையே நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, இருவரும் ஒரே நாளில் போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். போகலாம், ஆனால் தனித்தனிக் குழுவில், முடிந்தால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத இடத்தில். சாயங்காலம் வீடு திரும்பும்போது உங்கள் மகள் ஓட்டும் விதத்தில் எதையும் திருத்த வேண்டாம். அவள் உங்கள் பிரேக்கைப் பற்றி ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வாள்.